அவள் திறந்து வைத்துவிட்டுப் போன பட்டியல்

அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஹாலட் கிணறு என்ற இந்த ஆஸ்திரேலியப் பழங்குடி ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் அந்தப் பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை. படத்தைத் திருப்பி வைப்போம், கதவில் இருக்கும் பெயர்ப்பலகையைத் துணியால் மூடுவோம், வருடக்கணக்கில் அப்படியே விடுவோம். நான் இங்கே பிறந்தவள் இல்லை. அடிலெய்டிலிருந்து இங்குள்ள மருத்துவ நிலையத்தில் ஆறு மாத எழுத்தர் வேலைக்கென்று வந்தவள், பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. வந்த இரண்டாம் வருடம் அவள்தான் என்னைத் தங்கையாக எடுத்துக்கொண்டு, நங்காலா என்ற தன் குலப்பெயரை எனக்கும் கொடுத்தாள். கொலீன் என்று என்னைப் பெற்றவள் வைத்த பெயர் அலுவலகக் காகிதங்களில் மட்டும்தான் இருக்கிறது.

அக்கா வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, தான் சுகாதாரப் பணியாளராக வேலை பார்த்த அதே மருத்துவ நிலையத்தில் தன் அறையில், தன் நாற்காலியிலேயே போய்விட்டாள். நர்ஸ் இங்க்ரிட் முக்கால் மணி நேரம் நெஞ்சை அமுக்கிப் பார்த்தாள். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம், கதவைச் சாத்தினோம். அவ்வளவுதான், அந்த அறை மூடியாகிவிட்டது. அவளுடைய கூடப்பிறந்த தம்பி மேற்கே இருந்து வந்து, பச்சைக் கிளைகளை எரித்துப் புகை காட்டி, அவள் ஆவியை அவள் மண்ணுக்கு அனுப்பி வைத்த பிறகுதான் அதைத் திறக்கலாம். மேசை மேல் பாதி குடித்த தேநீர் அப்படியே இருந்தது. அவளுடைய கணினியும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அன்றைக்கு எவரும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் டவுனுக்கும் நடுவே ஐந்து மணி நேர மண் பாதை. இரண்டு ஓடைகள் கரை புரண்டதும் பாதையை மூடிவிட்டார்கள். மேற்குப் பாதையும் மூழ்கியது, தம்பி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். மழைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து சேர்ந்தது அவளுடைய மகன் மட்டும்தான்.

மகனுக்கு முப்பத்து நான்கு வயது. இரண்டு சிறுநீரகமும் போய் ஆறு வருடம் ஆகிறது. டவுனில் தங்கி, திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள், ஐந்து ஐந்து மணி நேரம், ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்க வேண்டும். டவுன் அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஊருக்கு வரவேண்டும், நம் பையன்கள் கால்பந்து ஆடுவதைப் பார்க்கவேண்டும் என்று நச்சரித்து, அம்மாவை விட்டு டாக்டரிடம் பேசவைத்திருந்தான். ஒரு தடவை தவறினால் தாங்கும், இரண்டாவது தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் சனிக்கிழமை சொந்தக்காரர்கள் வண்டியில் வருவது, புதன்கிழமை நோயாளிகளை ஏற்றிப்போகும் சின்ன விமானத்தில் திரும்புவது, இறங்கியதும் நேராக இயந்திரத்துக்குப் போவது என்று அவளே எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். விளையாட்டுப் பார்க்க வந்த பிள்ளை, துக்கத்துக்குத் தலைமுடியை வெட்டிக்கொண்டு வெள்ளைக் களிமண் பூசி அழுகிற பெண்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தான்.

அந்த விமானத்தில் எட்டு இருக்கை. நான்கு ஊர்களுக்கும் சேர்த்து ஒரே பட்டியல், டவுன் அலுவலகத்தின் பொதுக் கோப்பாக இருக்கும். எங்கள் ஊருக்கு அதில் எழுதுவது அக்காவின் வேலை. செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு விமானக்காரர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். அதில் காலியாக இருப்பதைக் காத்திருப்போருக்குக் கொடுத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு யார் வந்து கெஞ்சினாலும் இடமில்லை.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு மகன் என் ஜன்னலுக்கு வந்தான். கணுக்கால் இரண்டும் அப்போதே வீங்கியிருந்தது.

"சின்னம்மா, நாளைக்கு பிளேன்ல என் பேரு இருக்குல்ல?"

"இரு, பாக்கறேன்."

"இருக்கும். வெள்ளிக்கிழம மத்தியானம் அம்மா போன்ல சொல்லிச்சு. 'போட்டுட்டேன்டா, ஜன்னல் சீட்டு, போதுமா தொரைக்கு?'ன்னு சிரிச்சுச்சு."

கோப்பைத் திறந்தேன். அது விரியும் முன் திரையில் ஒரு பெட்டி குதித்தது. இந்தக் கோப்பைத் திருத்துவதற்காக இன்னார் திறந்து வைத்திருக்கிறார், நீங்கள் படிக்க மட்டும் முடியும் என்றது. இன்னார் என்ற இடத்தில் அவள் பெயர், முழுப்பெயர், கொட்டை எழுத்தில். சட்டென்று உள்ளங்கையால் அதை மூடினேன். மகன் தலையைத் திருப்பிக்கொண்டு வெளியே படுத்திருந்த நாய்களைப் பார்த்தான். பார்த்துவிட்டான் என்று தெரிந்தது.

உள்ளே ஆறு பெயர்கள் இருந்தன. ஏழாவதும் எட்டாவதும் காலி. மறந்திருப்பாள், நெஞ்சுவலியோடு என்ன நினைவிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். எந்த நோயாளியின் மாத்திரையையும் எந்தக் குழந்தையின் தடுப்பூசியையும் மறக்காதவள், பெற்ற பிள்ளையை மறந்துவிட்டாள் என்று எவ்வளவு சுலபமாக நம்பினேன்! ஏழாவதில் அவன் பெயரை அடித்தேன். சேமிக்க முடியாது, படிக்க மட்டும் என்றது.

மூடித் திறந்தேன். என் கணினியை அணைத்துப் போட்டேன். இங்க்ரிட் மேசையில் போய்த் திறந்தேன். கோப்பின் மேல் வலது சொடுக்கி 'படிக்க மட்டும்' என்பதில் டிக் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டி, ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயர். பெட்டியின் அடியில் 'எனக்குத் தெரிவி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அவர் வேலையை முடித்ததும் உங்களுக்குச் சொல்கிறோம் என்று அர்த்தம். என் மேசைக்குத் திரும்பி, எரிச்சலில் அதை ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு டார்வினில் இருக்கும் கணினி உதவி மையத்துக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு டெரில் வந்தான்.

"கவலப்படாதீங்க மேடம், இது தினம் வர்ற கேஸுதான். யாரோ ஃபைலத் தொறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பாங்க. பெட்டியில யாரு பேரு இருக்கு?"

"அதச் சொல்ல முடியாது."

"படிக்க முடியலயா?"

"படிக்க முடியுது. சொல்ல மாட்டேன்."

"ஆபீஸ்ல எதாவது சண்டையா மேடம்?"

"சண்டையெல்லாம் இல்ல. அவங்க தவறிட்டாங்க. இங்க தவறினவங்க பேரச் சொல்றதில்ல."

"ஐயோ, சாரி மேடம்." உண்மையாகவே வருத்தப்பட்டான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்ப... எழுத்து எழுத்தா சொல்றீங்களா?"

"எழுத்து எழுத்தாச் சொன்னா மட்டும் அது வேற யாரோட பேராவது ஆயிடுமா?"

கடைசியில் என் போனால் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். அதுவே தப்பு. வாயால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"கெடச்சிருச்சு மேடம். ஆனா ஒரு சிக்கல். அவங்க இன்னும் வேலையில இருக்கறதாத்தான் இங்க காட்டுது. வேலையில இருக்கறவங்க ஃபைல நான் பாட்டுக்கு வெட்டி விட முடியாது. சேமிக்காம எதாவது அடிச்சு வெச்சிருந்தா போயிரும் பாருங்க. அவங்க சரின்னு சொல்லணும்."

"டெரில்."

"தெரியுது மேடம், தெரியுது. இல்லன்னா அவங்க மேலதிகாரி சொல்லணும்."

மேலதிகாரி விடுப்பில் எங்கோ கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார், போன் எடுக்கவில்லை. வேலையிலிருந்து நீக்கும் படிவம் ஒன்று உண்டாம், அனுப்பினால் இரண்டு வேலை நாளில் ஆகிவிடுமாம். இரண்டு மணிக்கு ஒருத்தன் உயிர் இருக்கிறது என்று கத்தினேன். அவன் கத்தவில்லை. வேறு கணினிகளில் வேறு வழிகளில் முயன்று பார்த்தான், அவன் மேலாளரைக் கேட்டான், அவரும் முடியாது என்றார்.

"மேடம், அந்த லேப்டாப் எங்க இருக்கு?"

"அடுத்த ரூம்ல."

"அடுத்த ரூம்லயா! அட, அப்ப நீங்களே போயி மூடிடலாமே. இல்ல, இவ்ளோ நாள்ல அது தானாவே தூங்கியிருக்கணுமே?"

"தூங்காது. போன வருஷம் நீங்கதான் தூங்காம பண்ணிக் குடுத்தீங்க." புண் கழுவப் போய்விட்டு வருவதற்குள் பூட்டிக்கொள்கிறது, ஒரு நாளைக்கு இருபது தடவை கடவுச்சொல் அடிக்க நான் என்ன குரங்கா என்று அக்கா அவனைப் போனில் கிழித்துத் தொங்கவிட்டது எனக்கு நினைவிருந்தது. அவனுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"அந்த அம்மாவா?" என்றான்.

மின்சாரத்தை வெட்டினால் என்ன என்று கேட்டேன். லேப்டாப்பின் பேட்டரி நான்கு மணி நேரம் தாங்கும் என்றான். மணி அப்போது பன்னிரண்டரை.

போனை வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தேன். மகன் பெஞ்சிலிருந்து எழுந்து பின்னாலேயே வந்தான். துணி சுற்றிய பெயர்ப்பலகைக்கு முன்னால் இருவரும் நின்றோம். உள்ளே கணினியின் விசிறி சன்னமாக ஓடுவது காதில் விழுந்தது.

"சின்னம்மா, வேண்டாம்."

"நான் வெள்ளைக்காரிடா. எனக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு நிமிஷம், மூடிட்டு வந்துடறேன்."

"நீங்க என் சின்னம்மா," என்றான். "உங்களுக்கு ஆகும்னு சொல்லல. அம்மாவுக்கு. மாமா வராம தொறந்தா அது எங்க போகும்? வழி தெரியாம இங்கயே சுத்திக்கிட்டு கெடக்கும்."

"அம்மா இருந்திருந்தா முதல்ல கதவ ஒடச்சிருக்கும். உனக்காக."

"அம்மா இருந்திருந்தாதானே." சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். "எனக்கு வேற ஒண்ணுமே செய்ய முடியல சின்னம்மா. ஆறு வருஷமா அதுதான் எனக்கு எல்லாம் பண்ணுச்சு. இத ஒண்ணயாவது ஒழுங்கா பண்றேன். நான் தாங்குவேன்."

அவன் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது என்று ஒரு நாள் தோன்றும், கேட்டதுதான் சரி என்று இன்னொரு நாள் தோன்றும். அன்று திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டினேன்.

பிறகு, புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்தேன். நகலில் எழுத முடிந்தது. ஏழாவது இருக்கையில் அவன் பெயரை அடித்து, கோப்புக்கு 'புதன் புதியது' என்று தலைப்பு வைத்து, டவுன் அலுவலகத்து பெர்னடெட்டுக்கு அனுப்பினேன். ஒன்றே முக்காலுக்கு அவளே கூப்பிட்டாள்.

"வந்துடுச்சு கொலீன். பாத்துட்டேன், ஏழாவதுல இருக்காரு. பொதுவுல போட்டுட்டேன், நிம்மதியா இருங்க."

நிம்மதியாகத்தான் இருந்தேன். ஜன்னல் வழியாகக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். மகனும் சிரித்துக்கொண்டே கட்டை விரலைத் தூக்கினான்.

புதன் காலை மழை விட்டிருந்தது. ஓடுபாதையில் சேறு. மகன் ஒரு பிளாஸ்டிக் பையில் துணியும், விமானத்தில் மடியில் வைத்துக்கொள்ள அம்மாவின் பின்னல் தொப்பியும் எடுத்து வந்திருந்தான். முகம் உப்பிப்போய், பத்தடிக்கு ஒரு தரம் நின்றான். விமானம் இறங்கியது. விமானி ஒரு தாளோடு வந்தான், புது ஆள். எங்கள் ஊரிலிருந்து ஏற வேண்டிய இரண்டு பாட்டிமார்களின் பெயரைப் படித்து ஏற்றினான், தாளை மடித்தான்.

"இன்னொருத்தர் இருக்காரு. ஏழாவது சீட்டு," என்றேன்.

அவன் தாளை விரித்துக் காட்டினான். ஏழாவதில் அடுத்த ஊர்ப் பெண் ஒருத்தியின் பெயர், எட்டாவதில் அவள் குழந்தை. காலி இருக்கை என்று செவ்வாய் மாலை காத்திருப்போர் வரிசையிலிருந்து ஏற்றியிருக்கிறார்கள். விமானத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு ஒரு வயது இருக்கும், நெஞ்சில் சளி கட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது.

"ஓடுபாதை ஈரமா இருக்குங்க. ஒரு கிலோ அதிகமானாலும் என்னால தூக்க முடியாது," என்றான் விமானி. "யாரையாவது எறக்குங்க, நான் ஏத்திக்கறேன். யாரன்னு நீங்க சொல்லுங்க."

ஏறியிருந்த மற்றவர்களும் இயந்திரத்துக்குப் போகிறவர்கள்தான். மகன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"கொழந்த போகட்டும் சின்னம்மா. வாங்க."

அவசர விமானத்துக்கு இங்க்ரிட் அன்று நான்கு தடவை கூப்பிட்டாள். வடக்கே பேருந்து கவிழ்ந்து இரண்டு விமானமும் அங்கே போயிருந்தன. டாக்டர் போனில் சொன்ன மருந்தையெல்லாம் கொடுத்தாள். வியாழன் முதல் வேலையாக வருகிறோம் என்றார்கள், வந்தும் விட்டார்கள். அவர்கள் இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் மகனின் இதயம் நின்றிருந்தது.

பெர்னடெட்டைக் கூப்பிட்டுக் கண்டபடி திட்டினேன். அவள் அழுதாள். "நீங்க அனுப்பினது பொதுவுல அப்படியே இருக்கு கொலீன். பழசும் பக்கத்துலயே இருக்கு. பிளேன்காரங்க மெஷினு ரெண்டு மணிக்குத் தானா எடுக்குது. அதுக்குப் பழசத்தான் தெரியும். எனக்குத் தோணவே இல்ல."

எனக்கும் தோன்றவில்லை. எந்தக் கோப்பை எடுப்பீர்கள் என்று விமானக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் கேட்கவில்லை, அதை யார் தலையிலும் கட்ட முடியாது.

சனிக்கிழமை பாதை திறந்தது. அக்காவின் தம்பி வந்து சேர்ந்தான். அக்காவுக்கென்று கிளம்பியவன், வழியிலேயே அக்காள் மகனுக்கும் அழுதுவிட்டு வந்திருந்தான். யாரோடும் பேசாமல் பச்சைக் கிளைகளை ஒடித்துக் கட்டி, பற்றவைத்து, புகையோடு நிலையம் முழுக்க நடந்தான். பெண்கள் சத்தமாக அழுதபடி பின்னால் போனார்கள். அந்த அறைக் கதவைத் திறந்து மூலை மூலையாகப் புகை காட்டினான். நாற்காலியிடம் குனிந்து, தன் மொழியில், போ அக்கா, வீட்டுக்குப் போ என்றான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"நங்காலா, இந்த மெஷின மூடு."

புகையில் கண் எரிந்தது. தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் திரையைத் தொட்டேன். பட்டியல் திறந்தபடியே இருந்தது. ஆறு பெயர்கள், அதற்குக் கீழே ஏழாவதிலும் ஒரு பெயர். மகனுடையது. பக்கத்துக் கட்டத்தில் 'ஜன்னல்' என்று அடித்திருந்தாள். எழுதுகுறி அந்தச் சொல்லின் முடிவில் நின்று மின்னிக்கொண்டிருந்தது. அவள் மறக்கவில்லை. போட்டுவிட்டேன் என்று போனில் சொன்னதும் பொய்யில்லை. சேமிப்பதற்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.

மூடும் பொத்தானை அழுத்தினேன். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது.

மகனுக்கும் நான் இதில் பெயர் சொல்லவில்லை. ஏனென்று இப்போது தெரிந்திருக்கும். வியாழக்கிழமையிலிருந்து அதுவும் யாரும் சொல்லக்கூடாத, பார்க்கக்கூடாத பெயர். சேமித்தால் நான்கு ஊரிலும் பட்டியலைத் திறப்பவர் கண்ணில் எல்லாம் படும். சேமிக்காவிட்டால் அவள் கடைசியாகச் செய்த வேலை என் கையாலேயே அழிந்து போகும். தம்பி என் தோளுக்கு மேலாகத் திரையைப் படித்தான்.

"எடுத்துடு," என்றான். "அவங்க ரெண்டு பேரும் போகட்டும்."

சேமிக்காதே என்பதை அழுத்தினேன். மடிக்கணினியை மூடித் துணியால் சுற்றி அவனிடம் கொடுத்தேன். என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். என் திரையின் நடுவே ஒரு பெட்டி காத்திருந்தது. நீங்கள் கேட்ட கோப்பு இப்போது உங்களுக்குக் கிடைக்கும், திறந்து எழுதலாம் என்றது.